முகக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை: முடிவெடுப்பதற்கு முன்

பொது மருத்துவத் துறை மருத்துவர் ஒருவரின் கருத்து

அறுவை சிகிச்சைக்கு உடல் தகுதியாக உள்ளதா என்று பார்த்துச் சான்று தருவது பொது மருத்துவரின் அன்றாடப் பணிகளுள் ஒன்று. பித்தப்பைக் கல்லுக்கும் குடலிறக்கத்துக்கும் கருப்பைக் கட்டிக்கும் செல்வோர் இச்சான்றைக் கேட்டு வருவது வழக்கம். அண்மைக் காலமாக அவர்களோடு இன்னொரு சாராரும் வருகின்றனர். தாடைக்கு அடியில் தொங்கும் சதையை, கன்னத்தின் பருமனை நீக்கிக்கொள்ள மதுரைக்கோ கோவைக்கோ மலையிறங்கிக் கொச்சிக்கோ செல்லவிருப்பவர்கள் இவர்கள். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, பெரியகுளம் எனப் பல ஊர்களிலிருந்தும் வருகின்றனர். திருமணம் நிச்சயமான பெண்களும் உண்டு, முப்பது வயதைக் கடந்த தாய்மாரும் உண்டு, கடை நடத்தும் ஆண்களும் உண்டு. பெரும்பாலோரிடம் ஓர் ஒற்றுமையைக் காண்கிறேன். அவர்கள் தனியாக வருகின்றனர். வீட்டில் எவரிடமும் சொல்லியிருப்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். தம் முகம் எவ்வாறு இருக்க வேண்டும் என்று வயது வந்த ஒருவர் எண்ணிப் பார்த்து முடிவெடுப்பதில் குற்றம் ஏதுமில்லை. அவரைக் கேலி செய்யவோ கண்டிக்கவோ மருத்துவருக்கு உரிமை இல்லை. ஆனால் லைப்போசக்‌ஷன் எனப்படும் இந்தச் சிகிச்சை ஓர் அறுவை சிகிச்சை. அழகு நிலையத்தில் புருவம் திருத்திக்கொள்வதோடு இதை ஒரே வரிசையில் வைத்து விளம்பரம் செய்யும் போக்கு நம் பகுதிக்கும் வந்துவிட்டது. முகம் ஏன் பருத்தது என்று அறியாமலும், செய்பவர் யார் என்று கேளாமலும், வீட்டாருக்குத் தெரியாமலும் இதைச் செய்துகொள்வதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். அதற்கான காரணங்களைக் கீழே தருகிறேன்.

அறுவை என்ன செய்யும், என்ன செய்யாது

தாடையின் அடியிலும் காதுமடலின் பின்புறமும் சில மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் தோலைக் கீறி, உப்புநீரில் லிக்னோகெயினும் அட்ரினலினும் கலந்த திரவத்தைத் தோலுக்கு அடியில் செலுத்துவர். லிக்னோகெயின் அவ்விடத்தை மரத்துப்போகச் செய்யும். அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். பின்னர் மெல்லிய உலோகக் குழாயை உள்ளே செலுத்திக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பர். வயிற்றிலிருந்து எடுப்பதோடு ஒப்பிட முகத்திலிருந்து எடுக்கும் அளவு மிகச் சிறிது. பெரும்பாலும் சில தேக்கரண்டி அளவே இருக்கும். அதனால்தான் இதைச் "சின்ன வேலை" என்று பலர் எண்ணுகின்றனர்.

இச்சிகிச்சையின் வரலாறு எச்சரிக்கையோடு தொடங்குகிறது. 1920களில் பிரான்சு நாட்டில் நடனப் பெண் ஒருவருக்குக் கால்களை மெலியச் செய்யும் பொருட்டுக் கொழுப்பைச் சுரண்டி எடுத்தார் சார்ல் துழாரியே என்னும் அறுவை மருத்துவர். இரத்த ஓட்டம் கெட்டுக் கால் அழுகியது. இறுதியில் காலையே வெட்டி எடுக்க நேர்ந்தது. அதன்பின் நீண்ட காலம் இந்த எண்ணத்தையே மருத்துவ உலகம் தள்ளி வைத்திருந்தது. 1970களில் இத்தாலியில் ஜார்ஜோ பிஷரும், பிரான்சில் இவ் ழெரார் இலூசும் குழாய் வழி உறிஞ்சும் முறையை வளர்த்தனர். 1980களில் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் மேலே சொன்ன திரவ முறையை அறிமுகப்படுத்திய பின்னரே இரத்தப்போக்கு பெருமளவு குறைந்தது. இன்றைய முறை பழைய முறையைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை. எனினும் அந்தப் பாதுகாப்பு, முறையாகச் செய்பவரின் கையில்தான் கிடைக்கும்.

எவருக்கு இது பயன்படும்? உடல் எடை ஏறத்தாழச் சரியாக இருந்து, தாடைக்கடியில் மட்டும் கொழுப்புத் தங்கி, தோல் இறுக்கமாக உள்ளவருக்குப் பயன்படும். எவருக்குப் பயன்படாது? தோல் தளர்ந்தவருக்குக் கொழுப்பை எடுத்தால் தோல் இன்னும் தொங்கும். கழுத்துத் தசை தளர்ந்து பட்டையாகத் தெரிபவருக்கும், தாடையெலும்பே சிறியதாகப் பின்வாங்கி இருப்பவருக்கும் குறை கொழுப்பில் இல்லை. கொழுப்பை எடுத்தும் பலனில்லை. உடல் முழுவதும் பருமனாக உள்ளவருக்கு முகத்தில் மட்டும் எடுப்பதைவிட எடையைக் குறைப்பதே முதல் மருத்துவம். பத்துக் கிலோ குறைந்தபின் இரட்டைத் தாடை தானே பாதியாகக் குறைந்துவிட்டதைக் கண்டு அறுவை எண்ணத்தைக் கைவிட்டவர்களை நான் அறிவேன்.

மேலும் ஒன்றைக் கருத வேண்டும். முகத்துக் கொழுப்பு வயது ஏற ஏறத் தானே குறையும். இருபத்தைந்து வயதில் சுமையாகத் தோன்றும் கன்னச் சதை நாற்பத்தைந்து வயதில் முகத்துக்கு இளமை தருவது. எடுத்த கொழுப்பணுக்கள் அவ்விடத்தில் மீண்டும் வளர்வதில்லை. வாயின் உட்புறம் கீறிக் கன்னத்தின் ஆழத்திலுள்ள கொழுப்பு உருண்டையை எடுக்கும் வேறொரு அறுவையும் இப்போது பரவி வருகிறது. இளம் வயதில் அதைச் செய்துகொள்வோருக்குப் பின்னாளில் கன்னம் குழிந்து முகம் வாடித் தெரிய வாய்ப்புண்டு.

முதற்கேள்வி: முகம் ஏன் பருத்தது?

அழகுச் சிகிச்சை மையங்களில் பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வி இது. பொது மருத்துவர் என்ற முறையில் நான் மிகவும் வலியுறுத்துவதும் இதுவே.

தைராய்டு சுரப்புக் குறைந்தால் முகம் ஊதும், கண்ணிமை தடிக்கும், குரல் கரகரக்கும், சோர்வும் மலச்சிக்கலும் மாதவிலக்குக் கோளாறும் உடன்வரும். ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டறியலாம். நாள்தோறும் ஒரு மாத்திரையில் சரிசெய்யலாம். சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரக நோயில் காலையில் எழும்போதே முகம் வீங்கியிருக்கும். சர்க்கரை நோய் உள்ளவருக்கும் நீண்டகாலம் மது அருந்துவோருக்கும் காதின் முன்புறமுள்ள உமிழ்நீர்ச் சுரப்பி பருத்துக் கன்னம் அகன்றதுபோல் தெரியும். தாடைக்கு அடியில் கொழுப்பு என்று எண்ணியது காசநோயால் வீங்கிய நெறிக்கட்டியாகவோ தைராய்டுக் கட்டியாகவோ இருக்கவும் கூடும். இவற்றுள் எதற்கும் கொழுப்பை உறிஞ்சுவது மருத்துவம் ஆகாது.

நம் பகுதியில் நான் சிறப்பாக ஐயுறுவது ஸ்டீராய்டு மருந்துகளை. மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் தோல் அரிப்புக்கும் மருத்துவர் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் பழக்கம் இங்கு உண்டு. தோட்ட வேலைக்கும் மலை ஏலக்காய் எஸ்டேட்டுக்கும் நாள் தவறாமல் செல்ல வேண்டியவர்களுக்கு வலியைப் பொறுத்துக்கொண்டு மருத்துவமனை வரிசையில் நிற்க நேரமிருப்பதில்லை என்பதை அறிவேன். உடல் தேற வேண்டும் என்று சிலர் வாங்கித் தரும் "சத்து மாத்திரை"களிலும் டெக்சாமெத்தசோன், பெட்டாமெத்தசோன் போன்றவை இருப்பதுண்டு. இவை முகத்தை நிலவுபோல் உருட்டிவிடும், பிடரியில் சதை வைக்கும், வயிற்றில் செந்நிறக் கோடுகள் விழும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், புண் ஆறாது, தோல் மெலியும். இந்நிலையில் உள்ளவருக்கு முகத்தில் அறுவை செய்வது கடும் தொற்றுக்கு வழிவகுக்கும். மருந்தை முறையாகக் குறைத்தால் முகம் பெரும்பாலும் தன் பழைய வடிவுக்குத் திரும்பும். ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

கைப்பேசி காட்டும் முகத்தையும் முழுமையாக நம்ப வேண்டாம். 12 அங்குலத் தொலைவில் பிடித்து எடுக்கும் தற்படத்தில் மூக்கு உள்ளதைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு அகன்று தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினர். மிக அருகில் பிடித்து எடுப்பதால் வில்லைக்கு அண்மையிலுள்ள பகுதி பெரிதாகத் தெரிகிறது. ஐந்தடி தொலைவில் நின்று பிறர் எடுத்த படத்தைப் பார்த்து, அதன்பின்னும் குறையாகத் தோன்றினால் மருத்துவரிடம் பேசுங்கள். பிறர் கண்ணுக்குத் தெரியாத குறையை நாள் முழுதும் கண்ணாடியில் தேடித் துயருறுபவர்க்கு அறுவை ஆறுதல் தருவதில்லை. ஒன்றை மாற்றியபின் மனம் அடுத்த குறைக்குத் தாவும். அவர்களுக்கு மனநல மருத்துவரின் துணை தேவை. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

மறைத்துச் செய்வதில் உள்ள ஆபத்து

2022ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் பெங்களூரில் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ் இறந்தார். அவருக்கு வயது 21. தனியார் மையம் ஒன்றில் உடற்கொழுப்பை நீக்கும் அறுவை செய்துகொண்ட அன்றே மூச்சுத்திணறல் ஏற்பட்டு, வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் காப்பாற்ற இயலவில்லை என்று செய்திகள் வெளிவந்தன. அறுவை குறித்துத் தங்களுக்கு முன்பே தெரியாது என்று பெற்றோர் கூறினர். அது முகத்தில் செய்த அறுவை இல்லை. உடற்கொழுப்பைப் பெருமளவில் எடுக்கும்போது ஆபத்தும் பெரிது. ஆயினும் அந்தச் செய்தியிலிருந்து முகத்துக்கும் பொருந்தும் பாடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, உயிர் காக்கும் கருவிகளும் ஆட்களும் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும். மற்றொன்று, நம்பிக்கைக்குரிய ஒருவரேனும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

2016இல் சென்னையில் தலைமுடி நடும் சிகிச்சைக்குச் சென்ற மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார். மருத்துவம் படித்தவரே "சின்ன வேலை" என்று நம்பிச் சென்ற இடத்தில் அது நேர்ந்தது. மரத்துப்போகச் செய்யும் மருந்தும் மயக்க மருந்தும் எங்கே செலுத்தப்படுகின்றனவோ அங்கே ஆபத்தும் உண்டு. லிக்னோகெயின் அளவு மிஞ்சினால் நாக்கு மரத்தல், காதில் இரைச்சல் ஆகியவற்றில் தொடங்கி வலிப்பும் இதயத்துடிப்பு நிற்றலும் வரை செல்லக்கூடும். உடல் எடைக்கேற்ப அளவைக் கணக்கிடவும், விபரீதம் நேர்ந்தால் உடனே சிகிச்சை தரவும் பயிற்சி பெற்றவர் அருகில் இருக்க வேண்டும்.

சிற்றூர்களில் ஏன் மறைக்கின்றனர் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் காதுக்கும் எட்டும். அதனால் தொலைதூர நகரத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். உடன் எவரையும் அழைத்துச் செல்வதில்லை. அன்றே பேருந்து ஏறித் திரும்பிவிடுகின்றனர். இரவில் கழுத்து வீங்கினாலும் காலை வரை பொறுத்துப் பார்க்கின்றனர். மதுரையிலிருந்து கம்பத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். கொச்சிக்கும் நமக்கும் இடையில் குமுளி மலைப்பாதை உள்ளது. கழுத்தினுள் இரத்தம் கசிந்து கட்டினால் அது மூச்சுக்குழாயை அழுத்தும். அப்போது மணிக்கணக்கில் பயணம் செய்ய இயலாது. அறுவை முடிந்த முதல் இரவு, இயன்றால் முதல் இரண்டு நாள், அந்த நகரத்திலேயே துணையோடு தங்குவதே அறிவுடைமை.

செய்பவர் யார், இடம் எது

தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் அழகியல் சிகிச்சைகளுக்கும் முடி நடும் சிகிச்சைக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பதிவு பெற்ற மருத்துவர், முறையான அறுவைப் பயிற்சி பெற்றிருந்தால் மட்டுமே இவற்றைச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். யூடியூப் பார்த்தோ சில நாள் பயிலரங்கில் கலந்துகொண்டோ கற்றுச் செய்வது ஏற்கத்தக்கதன்று என்பதையும் அது எடுத்துரைத்தது. இதையும் சொல்ல வேண்டிய நிலை ஏன் வந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

எம்.பி.பி.எஸ். முடித்து, பொது அறுவையில் எம்.எஸ். முடித்து, அதன்மேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவரே இதற்கு முதல் தகுதியுடையவர். தோல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், முகத்தாடை அறுவை மருத்துவர் ஆகியோருள்ளும் தம் பட்டப் பயிற்சியிலேயே இதைக் கற்றவர்கள் உள்ளனர். எங்கே, எத்தனை காலம் கற்றீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். "அழகியல் நிபுணர்" என்ற பலகை மட்டும் ஒரு தகுதி ஆகாது. மருத்துவரின் பதிவெண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். மையம் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றதா என்பதையும் பாருங்கள்.

தள்ளுபடி விளம்பரங்களைக் கண்டால் விலகி நில்லுங்கள் என்பது என் அறிவுரை. "இந்த வாரம் பதிவு செய்தால் பாதி விலை", "தோழியோடு வந்தால் இன்னும் குறைவு" என்பன துணிக்கடைக்குப் பொருந்தும். நோயாளிகளை ஈர்க்கும் நோக்கில் மருத்துவர் தம்மை விளம்பரப்படுத்துவதை 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகள் தடை செய்கின்றன. அந்த விதியைப் பொருட்படுத்தாத இடம் மற்ற விதிகளை எவ்வளவு மதிக்கும்?

அறுவைக்கு முன் உடலைச் சரிபார்த்தல்

சான்று என்பது ஒரு தாளில் இடும் கையொப்பம் என்று எண்ணி அவசரப்படுத்துவோர் உண்டு. அந்தத் தாளுக்குப் பின்னால் நாங்கள் பார்ப்பவை இவை: இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், இரத்தம் உறையும் தன்மை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, தைராய்டு, சிறுநீரகச் செயல்பாடு, இதய மின்வரைபடம், மகளிர்க்குக் கருவுற்றிருக்கிறாரா என்பது. இரத்தசோகை நம் பெண்களிடையே மிகுதி. அதைச் சரிசெய்யாமல் அவசியமற்ற எந்த அறுவைக்கும் நான் ஒப்புதல் தருவதில்லை.

பருத்த குட்டைக் கழுத்தும் இரட்டைத் தாடையும் உள்ளவர் இரவில் உரக்கக் குறட்டை விடுகிறாரா, இடையில் மூச்சு நின்று திணறி எழுகிறாரா, பகலில் தூங்கி விழுகிறாரா என்று உடன் உறங்குபவரிடம் கேட்பேன். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் இருந்தால் மயக்க ஊசிக்குப் பின் மூச்சு நின்றுபோகும் வாய்ப்பு மிகுதி. இதை அழகுச் சிகிச்சைக்குச் செல்பவர் தாமாகச் சொல்வதில்லை. குடும்பத்தார்தாம் சொல்ல இயலும்.

உட்கொள்ளும் அனைத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் ஆகியவை இரத்தப்போக்கை மிகைப்படுத்தும். மீன் எண்ணெய் மாத்திரையும் பூண்டு மாத்திரையும் சில நாட்டு மருந்துகளும்கூட அவ்வாறே. இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தியவர் அம்மருந்துகளைத் தாமாக நிறுத்தினால் மாரடைப்பு வரலாம். அழகுக்காக அந்தத் துணிச்சல் வேண்டாம். உடல் எடையைக் குறைக்க செமாகுளூடைட் போன்ற ஊசி போட்டுக்கொள்பவருக்கு இரைப்பையில் உணவு நெடுநேரம் தங்கும்; மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் சென்றுவிடும் ஆபத்து உண்டு. புகை பிடிப்பவரும் புகையிலை போடுபவரும் நான்கு வாரம் முன்னரே நிறுத்த வேண்டும். இல்லையேல் தோல் ஆறாது. பழைய தழும்பு மேடிட்டுத் தடிக்கும் இயல்புடையவர் அதையும் கூற வேண்டும்.

அறுவைக்குப் பின்

முதல் மூன்று நாள் முகம் முன்பைவிடப் பெரிதாகவே தெரியும். கன்றிய நிறம் மறைய இரண்டு வாரம் ஆகலாம். தாடையைச் சுற்றி அழுத்தப் பட்டையை ஏறத்தாழ ஒரு வாரம் நாள் முழுதும், அதன்பின் சில வாரம் இரவிலும் கட்ட வேண்டும். மரத்த உணர்வு மாதக்கணக்கில் நீடிக்கலாம். உண்மையான வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஆகவே தை மாத முகூர்த்தத்துக்கு மார்கழியில் அறுவை செய்துகொள்வது பயனற்றது. திருமணத்துக்குக் குறைந்தது மூன்று மாதம், நலமாயின் ஆறு மாதம் முன்னரே முடிந்திருக்க வேண்டும். அவ்வளவு காலம் இல்லையெனில் செய்யாமல் விடுவதே மேல்.

கீழுதட்டை இறக்கி அசைக்கும் நரம்புக்கிளை தாடையெலும்பின் விளிம்பை ஒட்டி ஓடுகிறது. அது கன்றினால் சிரிக்கும்போது வாய் ஒருபுறம் கோணும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். மிகச் சிலருக்கு நிலைத்துவிடலாம். அளவுக்கு மீறி எடுத்தால் தாடைக்கடியில் குழியும் மேடும் தெரியும். நம் மாநிறத் தோலில் கன்றிய இடம் கறுத்துப் பல மாதம் நீடிப்பதும் உண்டு. இவை யாவும் அரிதாகவோ தற்காலிகமாகவோ இருக்கலாம். ஆனால் முன்பே சொல்லப்பட வேண்டியவை.

கழுத்து விரைந்து வீங்குதல், மூச்சுத் திணறல், விழுங்க இயலாமை, நெஞ்சு வலி, மயக்கம், காய்ச்சலோடு தோல் சிவந்து பரவுதல், தோல் கறுத்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அறுவை செய்தவரின் தொலைபேசிக்காகக் காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லுங்கள். என்ன அறுவை, எப்போது, எந்த மருந்து என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். அங்கே பணியில் இருக்கும் மருத்துவர் உங்களைக் குறை கூறமாட்டார். அவருக்கு அந்தத் தகவல் உயிர்காக்கும் கருவி.

கத்தியில்லா முறைகள்

தாடைக்கடியில் கொழுப்பைக் கரைக்க டீஆக்சிகோலிக் அமிலம் என்னும் ஊசிமருந்துக்கு 2015இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. அதுவும் மருத்துவர் கையால், தாடையின் அடியில் மட்டும். இணையத்தில் "கொழுப்புக் கரைக்கும் ஊசி" என்று விற்கும் பெயரறியாக் குப்பிகளை எவர் கையாலும் போட்டுக்கொள்ளாதீர்கள். கொழுப்பைக் குளிர்வித்து அழிக்கும் முறையும் உண்டு. அம்முறையில் தம் உடலில் கொழுப்புக் குறைவதற்கு மாறாகக் கடினமாகப் பெருகித் தம் தோற்றமே மாறிவிட்டது என்று புகழ்பெற்ற விளம்பர நடிகை லிண்டா எவான்ஜலிஸ்டா 2021இல் வெளிப்படையாக அறிவித்தார். அரிய பின்விளைவுதான், எனினும் கத்தி இல்லை என்பதாலேயே ஆபத்து இல்லை என்றாகிவிடாது.

பணமும் ஒப்புதலும்

அழகுக்காக மட்டும் செய்யும் அறுவைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பணம் தராது. தனியார் காப்பீடுகளிலும் விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்திய சீரமைப்பு தவிர மற்ற அழகு அறுவைகள் பொது விலக்கில் அடங்கும். பின்விளைவுக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டால் அச்செலவும் உங்கள் தலையில் விழக்கூடும். நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ செய்ய வேண்டிய அறுவை இதுவன்று.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் அதைப் படியுங்கள். தமிழில் விளக்கக் கோருங்கள். சிகிச்சையின் தன்மை, பலன், ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை நோயாளி அறிந்து தரும் ஒப்புதலே செல்லும் என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாகக் கூறியுள்ளது. தாடைக்கு மட்டும் ஒப்புதல் தந்திருக்க, மயக்கத்தில் இருக்கும்போது கன்னத்திலும் கை வைக்க எவருக்கும் உரிமை இல்லை. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் விதி. படிவத்தின் நகலையும், செலுத்திய மருந்துகளின் பட்டியலையும், கட்டண ரசீதையும் கையில் வாங்கிக்கொண்டே வெளியேறுங்கள்.

குடும்பத்தாருக்கு

உங்கள் மகளோ மனைவியோ மகனோ இந்த எண்ணத்தைச் சொன்னால் முதலில் கேளுங்கள். "இருக்கிற அழகு போதாதா?" என்னும் கேலியும், "இந்தக் கன்னத்தோடு யார் கட்டுவார்?" என்னும் சொல்லும் ஒரே தீங்கைத்தான் செய்கின்றன. முன்னது அவரை மறைக்கத் தூண்டும். பின்னது அவரை அறுவைக்குத் துரத்தும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள் என்பதற்காக ஒரு பெண்ணை அறுவை மேசைக்கு அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். அப்படி வருபவரிடம் தனியே பேசி, அவர் விரும்பவில்லை என்றால் மருத்துவக் காரணம் காட்டித் தள்ளி வைக்கவும் தயங்கமாட்டேன். பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு அழகுக்காகக் கொழுப்பெடுக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. அந்த முகம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

முடிவு அவருடையதாக இருக்கட்டும். துணை உங்களுடையதாக இருக்கட்டும். மருத்துவரைச் சந்திக்கச் செல்லும்போது உடன் செல்லுங்கள். கீழ்க்காணும் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

1. என் முகம் பருத்ததற்குக் கொழுப்புதான் காரணம் என்று எப்படி உறுதி செய்தீர்கள்?
2. அறுவையைச் செய்யப்போவது நீங்களேதானா? உங்கள் பட்டமும் பதிவெண்ணும் என்ன?
3. மயக்க மருத்துவர் அறுவை முடியும் வரை உடன் இருப்பாரா?
4. உயிர்வளிக் கருவி, இதய அதிர்வுக் கருவி, தீவிர சிகிச்சைப் பிரிவு இங்கேயே உள்ளனவா? இல்லையெனில் எங்கே கொண்டு செல்வீர்கள்?
5. என் தோலுக்கும் வயதுக்கும் எவ்வளவு மாற்றத்தை எதிர்பார்க்கலாம்? எதை எதிர்பார்க்கக் கூடாது?
6. இரவில் வீக்கம் வந்தால் எந்த எண்ணில் எந்த மருத்துவர் பேசுவார்?
7. மறு அறுவை தேவைப்பட்டால் செலவு யாருடையது?

இவற்றுக்குப் பொறுமையாக விடை தருபவர் நல்ல மருத்துவர். அவரே சில வேளை "உங்களுக்கு இது வேண்டாம்" என்றும் சொல்வார். எரிச்சல்படுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். விடைகளைப் பெற்றபின் இரண்டு வாரம் காத்திருங்கள். அதன்பின்னும் விருப்பம் மாறாமல் இருந்தால், உடலைச் சரிபார்த்துத் தரும் சான்றோடு, உடன் ஒருவரை அழைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் சென்று வாருங்கள்.